செங்குவாங் சனிக்கிழமைகள்

14 செப்டம்பர் 2024, சனி

கிழங்கு என்று சொல்லிக்கொள்ள ஒரு தகுதி வேண்டும். மரவள்ளிக்கு இருக்கிறது. சேனைக்கும் இருக்கிறது, நாக்கு அரித்தாலும். இந்தச் செங்குவாங்குக்கு என்ன இருக்கிறது? வால் பக்கம் பிடித்து இழுத்தால் தோல் பழைய சுவர்ப் பெயிண்ட் மாதிரி உரிந்து வருகிறது. உள்ளே வெள்ளை. கடித்தால் நறுக்கென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் தண்ணீர். எவ்வளவு வேக வைத்தாலும் மாவாகாது. கிழங்குக் கூட்டத்தில் எப்படியோ புகுந்துவிட்ட வெள்ளரிக்காய்.

மகாராணி இன்று பாசாரிலிருந்து இரண்டு வாங்கி வந்து, மண்ணோடு என் மேசைமேல் வைத்தாள். கையில் போனை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினாள். அமெரிக்காவில் இதற்கு ஜிக்காமா என்று பெயராம். சர்க்கரை ஏறாதாம். நார்ச்சத்து மூட்டை மூட்டையாக இருக்கிறதாம். "அத்தை, உங்க சுகருக்கு இது ரொம்ப நல்லது லா" என்றாள். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். பாவாடை கட்டிய நாளிலிருந்து செங்குவாங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதை அறிமுகம் செய்து வைக்கிறாள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்றால் இதுதான்.

பிற்பாடு இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்துக் குழம்ப வேண்டாம்: மகாராணி என்பது என் மகன் சுகுமாறனின் பெண்டாட்டி. பெயர் பெர்னிஸ். சாலாக் செலாத்தான் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பம். சர்ச்சில் ஒரு கல்யாணம், என் ஆசைக்காகக் கோயிலில் ஒரு தாலி, ஆக இரண்டு தடவை கட்டிக்கொண்டு இந்தக் கிள்ளான் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பெயரை நான் எழுதுவதில்லை. இன்று எழுதியதோடு சரி.

15 செப்டம்பர், ஞாயிறு

இவர் புரட்டாசி வருவதற்குள் ஆட்டிறைச்சி, நண்டு, கோழி எல்லாவற்றிடமும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார். மூன்று வேளையும். என் வீட்டுக்காரர் திரு. இராமலிங்கம் அவர்கள் தூக்குமேடைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

17 செப்டம்பர், செவ்வாய்

புரட்டாசி ஒன்று. காலையில் சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெருமாளிடம் கறாராகப் பேசிவிட்டேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

அவளுக்கு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. முதலாவது நாலாம் மாதம். இரண்டாவது ஐந்தாம் மாதம், கையும் காலும் வந்த பிறகு. சுகு அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு. அதை நான் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன். இப்போது மறுபடி ஐந்தாம் மாதம் நடக்கிறது.

ஆகவே வேண்டுதல். மாதம் முழுவதும் சுத்த சைவம் - அது எப்போதும் உள்ளதுதான். அதோடு நாலு சனிக்கிழமையும் சாயங்காலம் விளக்கேற்றும் வரை அடுப்பில் வைத்தது எதுவும் வாயில் படாது. பச்சையாகத் தின்னக்கூடியது மட்டும். அவள் கை பட்டதும் சனிக்கிழமை வேண்டாம். பின்னாலிருக்கும் அடுப்பில் அவள் மீன் வறுத்துக்கொள்கிறாள், டாக்டர் சாப்பிடச் சொன்னாராம். தின்னட்டும், வயிற்றில் இருப்பதற்கு வேண்டும். ஆனால் மீன் அலசிய கை என் விரதத்துக்கு ஆகாது. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஓகே அத்தை" என்றாள். அவளுக்கு எல்லாமே ஓகே.

கிளினிக் டாக்டர் வாழைப்பழம் கூடாது, மாம்பழம் கூடாது, பட்டினியும் கூடாது என்றார். அப்புறம் என்னதான் கூடும்? கடைசியில் பார்த்தால் மகாராணியின் ஜிக்காமாதான். விதி. நேற்று உப்புப் போட்டுத் தின்று பார்த்தேன், மூன்றாவது துண்டு உள்ளே இறங்கவில்லை. பாசார் முனையில் சீனர் ஒருவர் ரோஜாக் போடுகிறார். செங்குவாங், வெள்ளரி, கொஞ்சம் கொய்யா, கருப்புக் குழம்பில் புரட்டி. ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் நிறையத் தின்றிருக்கிறேன். காயும் பழமும்தான், சுத்தம். பொட்டலமாக அவள் வாங்கி வரட்டும், அதில் குற்றமில்லை.

21 செப்டம்பர், சனி

முதல் சனி.

ஒரு ரோஜாக் வாங்க ஒரு மணி நேரம். கடை நம் வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிஷம். கேட்டால் "அங்க கூட்டம் அத்தை" என்கிறாள்.

வாங்கி வந்ததாவது உருப்படியா? செங்குவாங் ஒரு துண்டு விரல் தடிமன், இன்னொன்று தீக்குச்சி. அந்தச் சீனர் கண்ணை மூடிக்கொண்டே ஒரே அளவாக வெட்டுவார், எனக்குத் தெரியும். வயதாகிவிட்டது போலிருக்கிறது. குழம்போ சப்பென்று இருக்கிறது. புளித்தண்ணீரில் வெல்லம் காட்டிய மாதிரி. அந்த வெல்லமும் கரையாமல் கட்டி கட்டியாக. மேலே தூவுகிற கடலை எங்கே என்றேன். முடிந்துவிட்டதாம். எதை வாங்கினாலும் ஏமாந்து வருவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள்.

தின்றேன். பெருமாளுக்காக.

பக்கத்து வீட்டுக் குமுதாவும் புரட்டாசி விரதம். மத்தியானம் கிண்ணத்தில் ஏதோ கொண்டு வந்து காட்டினாள். சைவ ஆட்டிறைச்சியாம். சோயாவில் செய்து, நார் நாராகக் கிழிகிற மாதிரி, எலும்புக்குப் பதில் கரும்புக் குச்சி சொருகி. "டேஸ்ட் அப்படியே ஆடுதான்க்கா" என்று பூரித்துப் போகிறாள். ஆட்டை விட்டுவிட்டு ஆட்டின் நினைப்பைத் தின்கிறாள். பெருமாள் என்ன, கண் தெரியாதவரா?

25 செப்டம்பர், புதன்

என் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைப் பற்றி ஒரு சந்தேகம். அது சாமிப் பாத்திரங்களோடு இருப்பது. போன சனிக்கிழமை காலையில் அலமாரியில் இல்லை. சாயங்காலம் பார்த்தால் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. பழம் நறுக்குகிற சின்னக் கத்தியும் அப்படியே. கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். என் விரதப் பாத்திரத்தில் நெத்திலியைப் போட்டு ஊற வைத்திருந்தால் தெரியும் சேதி.

28 செப்டம்பர், சனி

இரண்டாம் சனி. கிண்ணம் மறுபடியும் காணோம். கத்தியும். ரோஜாக் மறுபடியும் சப்பு. மறுபடியும் ஒரு மணி நேரம்.

சொல்லியே விட்டேன்: அந்த மனிதரிடம் கேட்டு வாங்க வாய் இல்லையா, குழம்பை நன்றாக ஊற்றச் சொல்ல வேண்டியதுதானே, இப்படி எதிலும் வாயில்லாமல் இருந்தால் எப்படிக் குடும்பம் நடத்துவாய் என்று. சுகு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்த்தாள், அவன் மூடிக்கொண்டான். அந்தப் பார்வையெல்லாம் நன்றாகத்தான் வருகிறது.

இவர் கூட்டாளியைப் பார்க்கக் கோமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தார். வரும்போது பல் குத்திக்கொண்டு வந்தார். தயிர்ச்சாதத்துக்குப் பல் குத்த வேண்டியதில்லை. சட்டையில் மட்டன் வாசம் கும்மென்று இருக்கிறது. இந்த வீட்டில் உண்மையாக விரதம் இருக்கிற ஒரே ஆள் நான்தான்.

1 அக்டோபர், செவ்வாய்

குமுதா சேதி கொண்டு வந்தாள். செங்குவாங் கொடியில் காய்க்கிற காய் பார்க்க அவரைக்காய் மாதிரி இருக்குமாம், ஆனால் விதையெல்லாம் விஷமாம். கிழங்கு மட்டும்தான் தின்னலாமாம். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் எனக்காகத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

5 அக்டோபர், சனி

மூன்றாம் சனி. அதே சப்பு. எழுதவும் சலிப்பாக இருக்கிறது.

ஐந்து மாதம் தாண்டியும் அவளுக்கு வாந்தி நிற்கவில்லை. இன்று கடையிலிருந்து வந்ததும் நேரே பாத்ரூமுக்குத்தான் ஓடினாள். இந்த லட்சணத்தில் வெயிலில் ஒரு மணி நேரம் அங்கே என்ன அரட்டை? சாயங்காலம் அறையில் ஜெபமாலை உருட்டுகிறாள். அக்டோபர் அவர்களுக்கு மாதாவின் மாதமாம். மணிகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் கேட்டது. நான் விளக்கேற்றி முடித்த பிறகுதான் நிறுத்தினாள். மரியாதையா, தற்செயலா, யாருக்குத் தெரியும்.

10 அக்டோபர், வியாழன்

ரத்தம் பட்டது.

காலையில் கொஞ்சமாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை இருக்கிறது, துடிப்பு இருக்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். படுத்தே இருக்க வேண்டுமாம். அடுத்த திங்கள் கழித்து மறு திங்கள் ஸ்கேன், அதைப் பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

திரும்பி வரும்போது காரில் அவள் என் கையைப் பிடித்தாள். நான் விட்டுவிடவில்லை, அவ்வளவுதான்.

பெருமாளே, மூணு சனி முடிச்சுட்டேன்யா. இன்னும் ஒண்ணுதான். அதுவரைக்கும் பொறு.

12 அக்டோபர், சனி

நாலாம் சனி. ஒருவழியாக ஒழுங்கான ரோஜாக்.

அவள் படுக்கையில். யார் போவது? நான் செருப்பை மாட்டியதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுகு வேலை முடிந்து வரட்டும், வந்து வாங்கட்டும், நீங்கள் போகாதீர்கள் என்று ஒரே பிடிவாதம். அவன் வர மூன்று மணியாகும், அதுவரை வாயில் காற்றை வைத்துக்கொண்டிருப்பதா? "அத்தை, அந்தக் குழம்புல..." என்று ஏதோ ஆரம்பித்தாள். எனக்குத் தெரியும், நீ படு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தன்னை விட்டால் இந்த வீட்டில் ரோஜாக் வாங்க ஆளில்லை என்று நினைப்பு.

கூட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். செங்குவாங்கை எடுத்து, தோலை ஒரே இழுப்பில் உரித்து, சரக் சரக்கென்று சீவித் தள்ளினார். எல்லாம் ஒரே அளவு. கைக்கு வயதாகவில்லை. சிவப்பாக ஏதோ படம் போட்ட டப்பாவிலிருந்து கெட்டியாகக் கருப்புக் குழம்பை அள்ளிப் போட்டு, மரக்கரண்டியால் புரட்டி, மேலே கடலை. குறையாமல்.

அடடா. முப்பது வருஷத்துக்கு முன்னால் தின்ற அதே ருசி. இனிப்பு, புளிப்பு, உறைப்பு, அதற்கெல்லாம் அடியில் என்னவென்று சொல்ல முடியாத ஒரு ஆழம். இந்தச் செங்குவாங்கா அந்தச் செங்குவாங் என்று ஆகிவிட்டது. காகிதத்தை வழித்து விரலைச் சூப்பினேன். அதைப் பார்த்துச் சீனர் சிரித்தார், நானும் சிரித்தேன். இன்னொரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன், அவளுக்குக் காட்ட வேண்டுமே.

காட்டினேன். பார், குழம்பு என்றால் இப்படி இருக்க வேண்டும், இத்தனை வாரமும் உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார் என்று. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிடாமல்? சிலருக்கு அடுத்தவர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டால் பொறுக்காது.

சாயங்காலம் மாவிளக்கு, தளிகை, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. நாலு சனியும் முடித்துவிட்டேன். இனி பெருமாள் பொறுப்பு.

13 அக்டோபர், ஞாயிறு

மகாராணி இன்று ஒரு கேள்வி கேட்டாள். "அத்தை, புரட்டாசியில இன்னொரு சனிக்கிழமை இருக்கா?" நாலுதான், சுவரில் காலண்டர் தொங்குகிறது, பார்க்கத் தெரியாதா என்றேன். "அடுத்த வாரமும் இருந்தா கணக்குல சேருமா?" என்றாள். இவள் எப்போது புரட்டாசி அதிகாரி ஆனாள்?

மத்தியானம் அவளுக்கு வைத்த மீனைத் தொடவில்லை. பின்னாலிருந்து எடுத்துவந்து இவர் தின்றார். புரட்டாசியில்.

16 அக்டோபர், புதன்

எழுத வரலை. ஆனா எழுதணும்.

இன்னிக்குப் பாசாருக்குப் போனேன். போன எடத்துல அந்தச் சீனர் கடையில நின்னு நாலு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சு. மூணு வாரமா வந்தது என் மருமக, வயித்துல புள்ள இருக்கிற இந்தியப் பொண்ணு, அவளுக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு குழம்பு குடுத்தீங்கன்னு. மலாய்லதான் கேட்டேன், நல்லாக் காரமா.

அவர் வெட்டிக்கிட்டு இருந்தவர் நிறுத்திட்டார். என்னையே பார்த்தார். அப்புறம் அந்தச் செகப்புப் படம் போட்ட டப்பாவைத் தூக்கி என் முன்னால வச்சார். படம் இறால். முழு இறால், மீசையோட. "இனி உடாங், ஆன்டி" - இது இறாலுங்கறார். மரக்கரண்டி, பலகை, கத்தி, எல்லாத்துலயும் அது இருக்குமாம். என் மருமக முதல் வாரமே வந்து கேட்டுக்கிட்டாளாம், மாமியாருக்கு விரதம், இது ஆகாதுன்னு. அவளே சொந்தமா ஒரு போத்தல்ல குழம்பு கொண்டாருவாளாம். சொந்தக் கிண்ணம், சொந்தக் கத்தி. செங்குவாங் மட்டும் முழுசா அவர்கிட்ட வாங்கி, அங்க ஓரத்துல நின்னுக்கிட்டே தோல் உரிச்சு வெட்டுவாளாம். ரெண்டு தடவை சாக்கடைப் பக்கமாப் போய் வாந்தி எடுத்துட்டு வந்து மறுபடி வெட்டினாளாம். அந்த வாசனை அவளுக்கு ஒத்துக்கலை, உக்காருன்னா உக்காரலைங்கறார். கடைசியில அவர்கிட்ட ஒரு காகிதம் வாங்கி, கடையில கட்டின மாதிரியே கட்டி எடுத்துட்டுப் போவாளாம்.

"நீங்கதான் அந்த மாமியாரா"ன்னு கேட்டார். போன சனிக்கிழமை வழிச்சுத் தின்னது நான்தானேன்னு அவருக்கு அப்பத்தான் புரியுது. கையைப் பிசையறார் பாவம்.

கடலையும் வறுத்ததாச்சே. அதுகூட எனக்குத் தோணலையே. அவ குழம்புல வெல்லம் ஏன் கட்டி கட்டியா இருந்துச்சுன்னு இப்பத் தெரியுது. அடுப்புல வைக்காம பச்சைத் தண்ணியில கரைச்சிருக்கா.

அவ கையால வேணாம்னு சொன்னவ நான். மூணு சனியும் அவ கையாலதான் தின்னுருக்கேன். நானாப் போய் வாங்குனதுதான் இறால். எத்தனை புரட்டாசியில இதைத் தின்னு தொலைச்சேனோ, ஸ்கூல்ல இருந்தப்ப, அதையெல்லாம் விடு. இந்தச் சனிக்கிழமை. அவ ரத்தம் பட்டுப் படுத்திருக்கிறப்போ. விரலைச் சூப்பினேனே.

வீட்டுக்கு வந்து இவர்கிட்டச் சொன்னேன். டிவியிலேருந்து கண்ணை எடுக்காம, "அது இறாலுன்னு கிள்ளான்ல இருக்கிற பூனைக்குக்கூடத் தெரியும்"ங்கறார். ஏன் சொல்லலைன்னா, நீ எங்க கேட்டேங்கறார்.

ஸ்கேன் திங்கக்கிழமை. புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?

17 அக்டோபர், வியாழன்

கோயிலுக்குப் போய்ப் பட்டரிடம் கேட்டேன். தெரியாமல் செய்தது தோஷமில்லை, ஒரு அர்ச்சனைச் சீட்டு எடுத்துவிடுங்கள் என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள்ளே சொன்னார். போனில் வேறு யாருக்கோ பதில் எழுதிக்கொண்டே. எடுத்தேன். அவர் சொன்னது எனக்கு உள்ளே இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் அறைக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நாலு வருஷத்தில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கடைக்குப் போயிருந்தேன் என்றேன். உடனே புரிந்துகொண்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், படு என்றேன்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சுகுதான் வேண்டாம் என்றானாம். சொன்னால் அம்மா பழைய புரட்டாசியையெல்லாம் நினைத்து உடைந்துபோவாள், இல்லையென்றால் செங்குவாங்கையும் விட்டுவிட்டு வெறும் வயிற்றில் கிடந்து மயங்கி விழுவாள் என்று. அதுவும் நடக்கக்கூடியதுதான். அவன் என் பிள்ளை.

மாமியார் விரதத்துக்கு நீ எதற்கு வாந்தி எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது, எனக்கு வேறு குரல் கிடையாது.

"நீங்க யாருக்காக இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை."

எப்படித் தெரியும்? நான்தான் யாரிடமும் சொல்லவில்லையே.

"சாமி ரூம்ல நீங்க பெருமாள்கிட்ட பேசுறது இந்த ரூம் வரைக்கும் கேக்குது. டெய்லி."

கதவைச் சாத்தினால் போதும் என்று நினைத்திருந்தேன். தினமும் என்னென்ன பேசினேன்? இந்த வாயில்லாப் பூச்சிக்கு ஒரு பிள்ளையைக் கொடு, அது அழுவதைக்கூட என்னிடம் காட்ட மாட்டேன் என்கிறது, என்றெல்லாம் திட்டியிருக்கிறேன். அத்தனையையும் இவள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

கடைசிச் சனியை நானே கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவது எனக்கே பிடிக்காது. அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு இடி.

19 அக்டோபர், சனி

ஐப்பசி பிறந்துவிட்டது. ஊரே ஆட்டுக்கடையில் வரிசையில் நிற்கிறது. இவர் நேற்றே நின்றுவிட்டார். நான் மட்டும் இன்னொரு சனிக்கிழமை இருக்கிறேன். கணக்கில் சேருமா என்று அவள் அன்றைக்குக் கேட்டதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. சேர்த்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரமும் இருப்பேன். என்னிடம் சனிக்கிழமைகளுக்குப் பஞ்சமில்லை என்று பெருமாளிடமே சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான்.

நானும் உங்களோடு இருக்கிறேன் அத்தை, எங்களுக்கும் இது மாதாவின் மாதம்தானே என்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி பட்டினி கிடக்கிறாளாம். மூளையை சாலாக் செலாத்தானிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாளா? இரண்டு முட்டை, ஒரு தட்டுச் சோறு, பின்னாலிருக்கும் அடுப்பில் நானே மீன் வறுத்து, முழுவதையும் தின்று முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். மீன் தொட்ட கையை இரண்டு தடவை கழுவிவிட்டு என் செங்குவாங்கை எடுத்துக்கொண்டேன்.

குழம்பு எப்படிச் செய்வது என்று படுக்கையிலிருந்தபடியே சொன்னாள். புளி, கூலா மலாக்கா வெல்லம் கொஞ்சமே கொஞ்சம் - என் சர்க்கரைக்காகக் குறைத்துப் போட்டாளாம் - பச்சை மிளகாய், உப்பு. எல்லாம் பச்சைத் தண்ணீரில். நான் கரைத்தால் மட்டும் கட்டி கரைகிறதா? அரை மணி நேரம் விரலால் நசுக்கினேன். கட்டி கட்டியாகத்தான் இருந்தது.

வழித்துத் தின்றேன்.

21 அக்டோபர், திங்கள்

நஞ்சுக்கொடி மேலே ஏறியிருக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறது. ஸ்கேன் எடுக்கிறவளையே உதைக்கிறதாம்.

20 செப்டம்பர் 2025, சனி

புரட்டாசி முதல் சனி. கடைக்குப் போகிற வேலை இந்த வருஷம் இல்லை. பெர்னிஸ் என் அடுப்படியில், எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அதே கிண்ணத்தில் செங்குவாங் வெட்டினாள். ஒரு துண்டு விரல் தடிமன், இன்னொன்று தீக்குச்சி. ஒரு வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், கை திருந்தவில்லை.

தாமரைக்கு ஏழு மாதம். ஈறு ஊறுகிறது, கண்டதையெல்லாம் கடிக்கிறாள். அவள் கைக்குள் அடங்காத மொத்தத் துண்டாக ஒன்றைக் கொடுத்தேன். கடிக்கப் பல் கிடையாது, சப்பிக்கொண்டே இருக்கிறாள். அது வெறும் தண்ணீர்டி என்று சொல்லிப் பிடுங்கினால் வீடு இரண்டாகிறது. ஜிக்காமா ஜிக்காமா என்று அவள் அம்மா கொஞ்சுகிறாள். செங்குவாங் என்று சொல்லிக் கொடு, நாளைக்குப் பாசாரில் பிள்ளை முழிக்கக் கூடாது என்றேன்.

குமுதா சைவ ஆட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, சனிக்கிழமை மருமக கையால சாப்பிட மாட்டேன்னு சொல்லுவீங்களே?" என்றாள். உன் ஆடு கத்துகிறது, போய்ப் பார் என்று அனுப்பி வைத்தேன்.

எனக்கு இரண்டு கையிலும் பிள்ளை. பெர்னிஸ்தான் ஒவ்வொரு துண்டாக எடுத்து என் வாயில் வைத்தாள். உப்பு கம்மி.